எண்ணக் கூடாத தோப்பு

ஆனைமலை அடிவாரத்தில் மாராத்தாளுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. எத்தனை வரிசையோ, வரிசைக்கு அத்தனை மரம். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எண்ணினால் கண் பட்டுக் குரும்பை உதிரும் என்று, மரக்கணக்கைப் பெற்ற மகனிடம்கூட அவள் சொன்னதில்லை.

தோப்புக் காவல்காரன் இறந்து ஒரு வருஷமாகிறது. அவன் மனைவி பொன்னுருவி இரண்டு பெண்பிள்ளைகளோடு கிணற்றடி வீட்டில் இருந்தாள். புது ஆள் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

மாராத்தாள் பக்கத்து நிலத்தை வாங்கினாள். "கெழக்க ஒவ்வொரு வரிசையிலும் மூணு மரம் கூடோணும். தெக்க புதுசா ரெண்டு வரிசை. நாலு மூலையும் நெறஞ்சிருக்கோணும். மரத்தை எண்ணாம, எத்தனை கன்னு வேணும்னு சொல்றவங்களுக்குத்தான் காவலும் வீடும்" என்று ஊருக்குச் சொல்லி அனுப்பினாள்.

பொன்னுருவி எல்லையைச் சுற்றி நடந்தாள். தென்கிழக்கு மூலையில் ஆறு தென்னைமட்டைகளை இரண்டு வரிசையாகப் பதித்துவிட்டு, திரும்பி வந்து ஓரமாக நின்றாள். அதன் பிறகுதான் மரமேறிகள் காளியண்ணனும் நாச்சிமுத்துவும் வந்து சேர்ந்தார்கள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. காளியண்ணன் முந்திக்கொண்டான். "மூணையும் ரெண்டையும் பெருக்குனா ஆறுங்காத்தா. ஆறு கன்னு போதும்."

நாச்சிமுத்து சிரித்தான். "ஏண்டா, அது ஒரு வரிசைக்கே பத்தாதே! கெழக்க மூணு, தெக்க ரெண்டு. பழைய வரிசை நீளத்துக்கு அஞ்சு வரிசைக் கன்னுங்காத்தா."

பொன்னுருவி மெல்லச் சொன்னாள்: "அஞ்சு வரிசைக் கன்னு. அதுக்கு மேல ஆறு கன்னுங்காத்தா."

"ஆறு நான் சொன்னது!" என்று காளியண்ணன் குதித்தான். "அஞ்சு வரிசை நான் சொன்னது! ரெண்டையும் கூட்டுனதைத் தவிர இவ என்ன பண்ணுனா?" என்றான் நாச்சிமுத்து. பொன்னுருவிக்குக் கண் கலங்கிவிட்டது.

கதை கேட்டவர்களே, காவலும் வீடும் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: பொன்னுருவிக்கே. காளியண்ணன் புதியதைப் புதியதோடு மட்டும் பெருக்கினான். நாச்சிமுத்து புதியதைப் பழையதோடு பெருக்கி, இரண்டு புதியதும் சந்திக்கும் மூலையை விட்டுவிட்டான். தெரியாத வரிசைக் கணக்கை x என்போம்: (x + 3)(x + 2) = x² + 3x + 2x + 6. இதில் x² ஏற்கெனவே நிற்கும் மரங்கள். மீதியெல்லாம் அவள் சொன்ன கன்றுகள். அவள் யாரிடமும் கடன் வாங்கவில்லை. மற்றவர்கள் வருவதற்கு முன்பே மூலையில் ஆறு மட்டைகள் இருந்தன. ஐந்து வரிசையை மனத்தில் நட்டு முடித்தவளுக்குத்தான் அந்த மூலை காலியாகத் தெரியும். மாராத்தாள் போய்ப் பார்த்துவிட்டு, வீட்டுச் சாவி பொன்னுருவியிடமே இருக்கட்டும் என்றாள். கன்று விற்பவனிடம் வரிசைக்கு எத்தனை என்பதை மட்டும் தானே காதோடு காதாகச் சொன்னாள்.