உயிரோடிருந்த ராஜாவுக்கு ஒப்பாரி

சிறு வயதில் கேட்ட ஓசை ஒன்று இன்னும் என் காதில் இருக்கிறது. தெருக்கோடியில் பெண்கள் மார்பில் அடித்துக்கொள்ளும் ஓசை. கோடைத் தூறல் போல முதலில் சிதறிக் கேட்கும். ஒருத்தி குரலெடுத்ததும் எல்லாக் கைகளும் ஒன்றாகிவிடும். அப்படிக் குரலெடுத்த ஒருத்தியைப் பற்றியதுதான் இந்தக் கதை.

மருதங்குறிச்சியில் ஆவுடை என்றால் ஒப்பாரிக்காரி. அது ஊருக்குத் தெரிந்த வேலை. அரசர் உலகுடையாருக்கு ஒற்று வேலை பார்த்தது ஊருக்குத் தெரியாது. அழுதுகொண்டு வருகிறவளை எந்தக் காவல்காரன் தடுப்பான்? அவள் நுழையாத கோட்டை இல்லை.

தளவாய் வீரபாகுவுக்கு அவளைக் கண்டால் ஆகாது. ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, இவள் எதிரி நாடான குருவிமலைச் சாவுக்கும் போகிறாள், நம்மூர்ச் சாவுக்கும் வருகிறாள். அங்கே நமக்காக அழுகிறாளா, இங்கே அவர்களுக்காக அழுகிறாளா, யார் கண்டது?"

அரசருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவருக்குச் சந்தேகம் வந்தால் சாப்பாடு இறங்காது; சாப்பாடு இறங்காவிட்டால் யாராவது ஒருவர் தலை இறங்கும்.

"ஆவுடை! குருவிமலையான் நம்மேல் படையெடுக்கப் போகிறான். ஆற்று வழியாகவா, கணவாய் வழியாகவா? தெரிந்துகொண்டு வா. வராவிட்டால் தளவாய் சொன்னது நிஜம் என்று எடுத்துக்கொள்வேன். உன் தலை உன்னுடையது இல்லை."

"உத்தரவு, மகாராஜா."

"இன்னும் ஒன்று," என்றார் தளவாய். "அங்கே யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. போன ஒற்றன், 'எந்த வழியாக வருவீர்கள்?' என்று அவர்கள் சேனாதிபதியிடமே கேட்டான். இன்னும் பாதாளச் சிறையில் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறான்."

"சரிதான்," என்றார் அரசர். "கேள்வி கேட்டாலும் தலை போகும்."

மறுநாள் குருவிமலைக் கோட்டை வாசலில் ஆவுடையும் அவள் கூட்டத்துப் பெண்களும் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்தார்கள். மார்பில் கை விழுந்தது.

காவல்காரன் ஓடி வந்தான். "ஏய், நிறுத்து! யார் செத்தது?"

"இன்னும் யாரும் இல்லை அண்ணாச்சி. உங்க மகாராஜாவுக்கு ஒத்திகை பார்க்கிறோம்."

காவல்காரன் வேலைத் தூக்கினான். அப்புறம் இறக்கினான். இதற்குக் குத்த வேண்டுமா, கும்பிட வேண்டுமா என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நேரே அரசரிடம் ஓடினான்.

குருவிமலை அரசர் திருமேனிநாதர் கோபப்படவில்லை. அவருக்கு ஒரு பழைய மனக்குறை. அவருடைய அப்பா திடீரென்று இறந்தபோது அவசரத்தில் பிடித்துவந்த பெண்கள், முந்தின வாரம் ஒரு செக்குக்காரருக்குப் பாடியதையே பாடிவிட்டார்கள். 'எண்ணெய் மணக்கும் கையாலே எங்களைக் காத்தவரே' என்று ஒரு வம்சமே கேட்டுக்கொண்டு நின்றது. தனக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்று அவர் பயந்துகொண்டே இருந்தார்.

"கூப்பிடு அவர்களை!" என்றார்.

நடுக்கூடத்தில் பட்டுமெத்தை போட்டு நீட்டிப் படுத்துக்கொண்டார். பக்கத்தில் அவருடைய மந்திரி, பிரதானி சிவசைலம், வெற்றிலைப் பெட்டியோடு நின்றார். ஆவுடை குரலெடுத்தாள்.

"பத்துக் குதிரை கட்டி, எங்க ராசா
பாங்காக ஆண்டவரே!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"பத்தா? ஆயிரம் குதிரை என்று பாடு!"

ஒப்பாரியில் பிழை வந்தால் சாவு வீட்டார் திருத்துவது வழக்கம். செத்தவரே திருத்தியது அன்றுதான். பிரதானி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒத்தைப் பீரங்கி வச்சு, எங்க ராசா
ஊரைத்தான் காத்தவரே!"

"நாற்பது பீரங்கி! எழுந்து போய்விடுவேன், பார்த்துக்கொள்!"

பிரதானி அதற்கும் அசையவில்லை. ஆவுடை மூக்கைச் சிந்தினாள். குரலை இன்னும் இறக்கினாள்.

"சண்டைக்கே போகாத, எங்க ராசா
சாதுவாப் போனவரே!"

அவ்வளவுதான். திருமேனிநாதர் மெத்தையிலிருந்து குதித்தார்.

"யாரடி சாது? எழுதிக்கொள்! மருதங்குறிச்சித் தேரோட்டத்தன்று, ஊரே வடம் பிடித்திருக்கும்போது, கணவாய் வழியாகச் சிங்கம் போலப் பாய்ந்து..."

தடாரென்று வெற்றிலைப் பெட்டி தரையில் விழுந்தது. பாக்கு நாலு மூலைக்கும் உருண்டது.

"மகாராஜா!" என்றார் பிரதானி ஈனக்குரலில். "அது இன்னும் நடக்கவில்லையே!"

"நான்கூடத்தான் இன்னும் சாகவில்லை! பாடட்டும்!"

ஆவுடை பாடினாள். கணவாய், தேர், சிங்கம் எல்லாம் வந்தது. அரசருக்கே கண் கலங்கிவிட்டது.

மருதங்குறிச்சி சபையில் அவள் வந்து நின்றதும் தளவாய் துள்ளினார்.

"கேள்வி கேட்டிருப்பாள், மகாராஜா!"

"கேட்கவில்லை. கொஞ்சம் குறைத்துப் பாடினேன். மிச்சத்தை அவரே போட்டு நிரப்பிக்கொண்டார். கணவாய் வழி, தேரோட்டத்தன்று."

"வீம்பு பேசுகிற ஆள். இதுவும் பொய்யாக இருந்தால்?"

"ஆயிரம் குதிரைக்கும் நாற்பது பீரங்கிக்கும் பிரதானி அசையவில்லை, தளவாய். கணவாய் என்றதும் பெட்டியைக் கீழே போட்டார்."

தேரோட்டத்தன்று கணவாயின் இரண்டு பக்கமும் நம் வில்லாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். குருவிமலைப் படை வந்தது, நிமிர்ந்து பார்த்தது, சத்தமில்லாமல் திரும்பிப் போனது. ஒரு அம்புகூட விடவில்லை.

உலகுடையார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆவுடைக்குக் கொடுத்தார். அப்புறம் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"ஆவுடை, எனக்கும் ஒன்று பாடிக் காட்டேன்."

"வேண்டாம் மகாராஜா. நீங்களும் திருத்துவீர்கள். தளவாய் கையில் வேறு வெற்றிலைப் பெட்டி இருக்கிறது."

திருமேனிநாதர் சில வருஷம் கழித்துக் காசி யாத்திரை போனார். அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். காசியில் இறந்தால் நேரே மோட்சம், அழக்கூடாது என்று சொல்லி, கூடப் போனவர்கள் யாரும் அழவில்லை.