பாறை மேல் ஏறிய முட்டை

ஒரு கோடையில் காட்டுக் குளங்கள் எல்லாம் வற்றிப்போயின. நடுக்காட்டு மடுவில் மட்டும் தண்ணீர் இருந்தது. தாகம் புலிக்கும் உண்டு, மானுக்கும் உண்டு. ஆனால் புலி குடிக்கிற இடத்தில் மான் எப்படிக் குடிக்கும்?

அதற்கு வழி செய்தது ஒரு தேவாங்கு. யோசித்து ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் குடிக்கப்போன இடத்தில் புலியிடம் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். உயிர் போகிற நேரத்திலும் அதன் வாய் சும்மா இருக்கவில்லை.

"புலியாரே, என்னைத் தின்னப்போகிறீர்களா? நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்! என் உடம்பில் கண்ணைக் கழித்துவிட்டால் மிச்சம் அரை வாய்க்குக்கூடத் தேறாது. அந்தக் கண்ணும் நீங்கள் மெல்லும்போது உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்!"

புலி சிரித்துவிட்டது. சிரிக்கிற வாயால் எதையும் கவ்வ முடியாது. தேவாங்கு நழுவி ஒரு பாறைமேல் ஏறிக்கொண்டு இன்னும் நாலு வார்த்தை பேசியது. புலி விழுந்து விழுந்து சிரித்தது. அந்த நேரத்தில் மான்கள் ஓசைப்படாமல் வந்து வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போயின.

மறுநாள் இருட்டியதும் புலி தானாகவே வந்து பாறை முன்னால் உட்கார்ந்தது. "இன்றைக்கு என்ன சொல்லப்போகிறாய்?"

அப்படியே வழக்கமாகிவிட்டது. இருட்டினால் தேவாங்கு பேசும், எல்லோரும் குடிப்பார்கள். 'பேச்சு நடக்கும்வரை பாய்ச்சல் கிடையாது.' இதுதான் மடுவின் சட்டம். புலி ஒத்துக்கொண்டது. மடுவுக்குள் மரக்கட்டை மாதிரி மிதக்கிற முதலையும் ஒத்துக்கொண்டது. கண் இரண்டையும் தண்ணீருக்கு வெளியே வைத்துக்கொண்டு அதுவும் தினமும் கேட்டது.

தேவாங்கின் பேச்சில் ஒரு முறை உண்டு. முதலில் தன்னைக் கிண்டல் செய்துகொள்ளும். பிறகு, அந்தக் கூட்டத்தில் யாருக்குப் பெரிய பல் இருக்கிறதோ அவர்களைக் கிண்டல் செய்யும். முயலைத் தொடவே தொடாது. முயல் ஏற்கெனவே பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சீண்டுவதில் என்ன வீரம்?

கூட்டம் பெருகியதும் நரி வந்து சேர்ந்தது. கூட்டம் இருக்கிற இடத்தில் நரிக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். "நிர்வாகம் என்று ஒன்று வேண்டாமா?" என்று சொல்லித் தானே கமிட்டித் தலைவராகிவிட்டது. கழுதைப்புலி உறுப்பினர். தலைவர் எதைச் சொன்னாலும் சிரிப்பது அதன் பொறுப்பு. மடுவுக்கு வருகிறவர்கள் வழியில் நரியின் வளையில் ஒரு பழமோ ஒரு நண்டோ போட்டுவிட்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. தேவாங்குக்கு? அது எப்போதும்போலத் தானே பூச்சி பிடித்துத் தின்றது.

ஒருநாள் தேவாங்கின் கண் நரிமேல் விழுந்தது.

"நம் தலைவரைப் பாருங்கள்! காலையில் புலியார் மிச்சம் வைத்த எலும்பை நக்குகிறார். மாலையில் நம்மிடம் வந்து, 'நானும் புலியாரும் சேர்ந்து சாப்பிட்டோம்' என்கிறார்!"

புலி உருண்டு புரண்டு சிரித்தது. முயல்கூடச் சிரித்தது. கழுதைப்புலி பழக்கதோஷத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, தலைவர் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டது.

மறுநாளே கமிட்டி கூடியது.

"தேவாங்கை மாற்ற வேண்டும்" என்றது நரி.

"ஏன் அண்ணே? கூட்டம் நிரம்பி வழிகிறதே!"

"வழிகிறதெல்லாம் பழைய கூட்டம்! குட்டிகள் எங்கே? ஆளுக்கொரு மின்மினியைப் பிடித்துவைத்துக்கொண்டு, புதருக்குள் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு கிடக்கின்றன. அவர்களை இழுக்க வேண்டாமா? நமக்கு இளம் ரத்தம் வேண்டும்!"

"இளம் ரத்தமா!" கழுதைப்புலி நாக்கைச் சப்புக்கொட்டியது.

"குடிக்க அல்ல, மடையா! பேச!"

குட்டிகளிடம் யாராவது போய், 'ஏன் வரவில்லை?' என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? அதெல்லாம் கிடையாது. இளையவர்களுக்கு என்ன வேண்டும் என்று இளையவர்களைக் கேட்டா முடிவு செய்வார்கள்?

நரி தேவாங்கிடம் போய்க் குழைந்தது. "தேவாங்கம்மா, உங்கள் சேவையை இந்தக் காடு மறக்காது. ஆனால் பாருங்கள், முகம் கொஞ்சம் பழசாகிவிட்டது."

"என் முகமா? பிறந்தபோதே இப்படித்தான் இருந்தது. என்னைப் பெற்றுப் பார்த்துவிட்டு என் அம்மாவே, 'வாங்க பெரியம்மா' என்றாளாம்!"

"பார்த்தீர்களா, அதே பழைய நகைச்சுவை! நீங்கள் ஓய்வெடுங்கள். உங்கள் பெயரை ஒரு கிளைக்கு வைக்கப்போகிறோம்."

"எந்தக் கிளைக்கு?"

"அதோ, அந்தக் காய்ந்த கிளை. அதுதான் காலியாக இருக்கிறது."

தேவாங்கு தன் வட்டக் கண்ணை நரியின்மேல் வைத்தது. "உண்மையைச் சொல்லுங்கள், நரியாரே. உறுத்துவது என் வயதா, என் வாயா?"

"வயதுதான்! வயதேதான்!" கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"சரி, பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். புலி சிரிக்காவிட்டால் மான் குடிக்காது."

"அதெல்லாம் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்" என்றது நரி.

நிர்வாகம் தேடிப்பிடித்தது ஒரு மைனாக் குஞ்சை. சூட்டிகையான குஞ்சு. வாய்த்துடுக்கும் உண்டு. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. வேலை தருகிறோம் என்று கூப்பிட்டால் யார்தான் வரமாட்டார்கள்?

நரி விதிமுறைகளைச் சொன்னது. "புலியாரைப் பற்றிப் பேசக்கூடாது. முதலையம்மாவைப் பற்றிப் பேசக்கூடாது. முக்கியமாக, என்னைப் பற்றிப் பேசவே கூடாது."

"பிறகு யாரைப் பற்றிப் பேசுவது?"

"முயல் இல்லையா? ஆமை இல்லையா? அவர்களைப் போட்டுத் தாக்கு!"

"இன்னொன்று, ஐயா. இருட்டினால் எனக்குத் தூக்கம் வருமே!"

"இந்த வயதில் என்ன தூக்கம்? சமாளி!"

அன்று இருட்டியதும் மைனா பாறைமேல் ஏறியது. முயல் நடுங்குகிற மாதிரி நடித்துக் காட்டியது. ஆமை தண்ணீருக்குப் புறப்பட்டு மழைக்காலத்தில் வந்து சேர்ந்த கதையையும் சொன்னது. முயல் காதைத் தொங்கப்போட்டது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கழுதைப்புலி மட்டும் கடமை தவறாமல் சிரித்தது. மூன்றாவது கதையின் பாதியில் மைனா சிறகுக்குள் தலையை வைத்துத் தூங்கியேவிட்டது.

புலி சிரிக்கவில்லை. கொட்டாவி விட்டது. சலித்துப்போன அதன் பார்வை பாறையிலிருந்து மெல்ல இறங்கி, கரையோரம் நின்ற ஒரு மான்குட்டிமேல் வந்து நின்றது. வால்நுனி ஒருமுறை ஆடியது.

தாய்மான் அதைப் பார்த்துவிட்டது. குட்டியின் உதடு தண்ணீரைத் தொடுவதற்குள் அதை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடியது.

மறுநாளும் அதே கதை. "அம்மா, நாக்கு ஒட்டுகிறது. இன்றைக்காவது குடிக்கலாமா?" என்று குட்டி கேட்டது. தாய்மான் புலியின் வாலைப் பார்த்தது. "நாளைக்குக் குடிக்கலாம், கண்ணு" என்றது.

மைனாவுக்கு இது பொறுக்கவில்லை. அடுத்த முறை பாறை ஏறியபோது விதிமுறையை மறந்தது. இல்லை, மறக்கவில்லை, மீறியது.

"புலியாரே! உடம்பு முழுக்கக் கோடு போட்டு வைத்திருக்கிறீர்களே, எழுத்துப் பழகவா?"

புலியின் உதட்டோரம் துடித்தது. மீசை லேசாக மேலே போனது. சிரிப்பு வருகிற வழிதான் அது!

"நிறுத்து!" நரி பாய்ந்து பாறையில் ஏறியது. "புலியாரே, மன்னிக்க வேண்டும்! குழந்தை, ஏதோ தெரியாமல் உளறிவிட்டது!"

வந்த சிரிப்பு உள்ளே போய்விட்டது. புலி உறுமிக்கொண்டு எழுந்தது. மான்கள் தெறித்து ஓடின.

அன்றே மைனாவுக்கும் வேலை போனது.

"உனக்கு இறக்கை முளைத்துவிட்டது. வயதாகிவிட்டது" என்றது நரி.

"நேற்றுத்தானே என்னை இளம் ரத்தம் என்றீர்கள்?"

"அது நேற்று!"

மைனா பறந்துபோய்க் காய்ந்த கிளையில் உட்கார்ந்தது. "அக்கா, எனக்கு வயதாகிவிட்டதாம்."

"வா, கண்ணு, இப்படித் தள்ளி உட்கார்" என்றது தேவாங்கு. "இன்னும் நிறையப் பேர் வருவார்கள்."

கமிட்டி மீண்டும் கூடியது. நரி எதையோ உருட்டிக்கொண்டு வந்தது. வெள்ளை வெளேர் என்று ஒரு முட்டை!

"இதைவிட இளமையானது உலகத்தில் உண்டா? புலியாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. என்னைப் பற்றியும் பேசாது. தூங்கினாலும் தெரியாது!"

"யாருடைய முட்டை, அண்ணே?"

"யாருடையதாக இருந்தால் என்ன? வயதைப் பார்! வயதே இல்லை!"

"எங்கே கிடைத்தது?"

"கரை மணலைத் தோண்டினேன், கிடைத்தது."

பிறந்ததிலிருந்து எதிர்க்கேள்வி கேட்காத கழுதைப்புலிக்கே சந்தேகம் வந்துவிட்டது. "எந்தப் பறவை அண்ணே மணலுக்குள் முட்டையிடும்?"

"திறமை எங்கிருந்தும் வரும்! நீ சிரி, போதும்."

முட்டையைப் பாறைமேல் வைத்தார்கள். இருட்டியது. எல்லோரும் காத்திருந்தார்கள். முட்டை பேசவில்லை.

"என்ன அடக்கம்! என்ன முதிர்ச்சி!" என்று நரி கைதட்டியது. கழுதைப்புலி சிரித்தது.

"எந்த இடத்தில் சிரிக்க வேண்டும்?" என்று புலி கேட்டது. அந்தக் குரலைக் கேட்டு முயல்கள் புதருக்குள் பின்வாங்கின.

மான்குட்டிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தாய் தடுப்பதற்குள் ஓடிப்போய் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நின்றது. புலி உடம்பைத் தாழ்த்தியது. பின்னங்கால் மண்ணில் ஊன்றியது.

அப்போது முட்டைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "முக்... முக்... முக்!"

"பேசுகிறது! பேசுகிறது!" நரி துள்ளிக் குதித்துப் பாறைமேல் ஏறி, முட்டையில் காதை வைத்தது. "எல்லோரும் கேளுங்கள்! என் கண்டுபிடிப்பு!"

"நரியாரே, இறங்கி ஓடுங்கள்! அது பேச்சல்ல, அம்மாவைக் கூப்பிடுகிறது!" என்று தேவாங்கு கத்தியது.

"பொறாமை!" என்றது நரி.

மடு பிளந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு முதலை பாறைமேல் ஏறியது. நரி திரும்புவதற்குள் அதன் வால் முதலையின் பல்லிடுக்கில் இருந்தது. பாய இருந்த புலியே பாய்ச்சலை மறந்து வாயைப் பிளந்தது.

"சட்டம்! மடுவின் சட்டம்!" நரி அலறியது. "பேச்சு நடக்கும்வரை பாய்ச்சல் கிடையாது!"

வாலை விடாமல் முதலை கேட்டது: "பேச்சா? இங்கே எங்கேயடா பேச்சு நடக்கிறது?"

நரி சுற்றுமுற்றும் பார்த்தது. கழுதைப்புலியைக் காணோம். "தேவாங்கம்மா! பேசுங்கள்! எதையாவது பேசுங்கள்!"

"எனக்குத்தான் வயதாகிவிட்டதே! முட்டையைக் கேட்டுப் பாருங்கள்!"

"ஐயோ, அம்மா! வால் போகிறது!"

தேவாங்கின் கண் நரியிடம் நிற்கவில்லை. தண்ணீரில் உறைந்துபோய் நிற்கிற மான்குட்டியிடம் போனது. புலியின் தலை மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"உங்களுக்காக அல்ல, நரியாரே. அந்தக் குட்டி இன்னும் குடிக்கவில்லை" என்றது. பிறகு, காய்ந்த கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"எல்லோரும் என்னைப் பாருங்கள்! வயதாகிவிட்டது என்று என்னை இறக்கிவிட்டார்கள். சரி, என் இடத்துக்கு யார் வந்தார் என்று பார்த்தால், அவர் இன்னும் பிறக்கவே இல்லை! பிறக்காத ஆளிடம் வேலையைப் பறிகொடுத்த ஒரே தேவாங்கு நான்தான்!"

புலி குபீரென்று சிரித்தது. ஊன்றிய கால் தளர்ந்தது. எத்தனை நாள் அடக்கிவைத்த சிரிப்பு அது! மல்லாந்து விழுந்து சிரித்தது.

"முதலையம்மா, உங்களுக்கு வாழ்த்து! ஊரில் பிள்ளைகள் எல்லாம் பிறந்து, வளர்ந்து, படித்து முடித்து, வேலை கிடைக்காமல் அலைகின்றன. உங்கள் பிள்ளை மட்டும்தான் வேலையில் சேர்ந்தபிறகு பிறக்கப்போகிறது!"

முதலைக்கு அடக்க முடியவில்லை. "ஹா!" என்று வாயைத் திறந்துவிட்டது. சிரிக்கிற வாயால் எதையும் கவ்வ முடியாதே! நரி தப்பியது. ஏற்கெனவே பல்லில் அறுந்துபோன வால் தப்பவில்லை.

மொட்டைப் பின்புறத்தோடு நரி ஓடுவதைப் பார்த்து, பாதித் தூக்கத்திலிருந்த மைனா ஒரு கண்ணைத் திறந்தது. "என்ன நரியாரே, வாலுக்கும் வயதாகிவிட்டதா?"

காடே அதிரச் சிரித்தது. புதருக்குள் கிடந்த குட்டிகள்கூட மின்மினிகளைப் பறக்கவிட்டுவிட்டு, என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தன. முதலை தன் முட்டையை அலுங்காமல் வாயில் எடுத்துக்கொண்டு மணலுக்குப் போனது. அன்றுமுதல் வெளிச்சம் இருக்கும்வரை மைனா பேசியது, இருட்டியதும் தேவாங்கு பேசியது. வளைக்குப் பழமும் நண்டும் போவது நின்றுபோனது.

அந்தச் சிரிப்பெல்லாம் மான்குட்டியின் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அது தலையைத் தூக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

அடங்கிய வாய் வேண்டும் என்பதற்காக இளமையைத் தேடுகிறவனுக்கு இளமையும் கிடைக்காது, பேச்சும் கிடைக்காது, இருக்கிற வாலும் மிஞ்சாது.