விறகு வண்டி வந்த பிறகு

"ஆறு மாசம் ஆச்சும்மா. விறகு, விறகு, விறகு. இதுக்கா நான் பொன்மலையிலேர்ந்து கிளம்பி வந்தேன்?"

கேட்டவர் பொன்னரங்கம். வயது அறுபத்தொன்று. ரயில்வே பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவர்.

எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்த உமையாள் அம்மாவுக்கு நாற்பத்திரண்டு. அந்த மலையடிவார மடத்துக்கு அவர்தான் குரு. சீடர் மூத்தவராக இருப்பதில் இருவருக்கும் கூச்சம் இல்லை.

"விறகுல என்ன கஷ்டம்?"

"ஒண்ணா, ரெண்டா?" என்று பொன்னரங்கம் ஆரம்பித்தார்.

அந்த மடத்தில் மதியம் ஒரு வேளைச் சாப்பாடு. யார் வேண்டுமானாலும் வரலாம். வருகிறவர்கள் வாசலோரக் கொட்டகையிலிருந்து ஆளுக்கொரு விறகை எடுத்துவந்து அடுப்படியில் போட்டுவிட்டு இலையில் உட்காருவார்கள். நாளைய அடுப்பு அந்த விறகில் எரியும். மடம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான்.

"ஒருத்தர் ஈர விறகைத் தூக்கிட்டு வர்றார். இன்னொருத்தர் சுள்ளியோட வர்றார். மறுநாள் சோறு பாதி வேகும்போது விறகு தீர்ந்துடுது. நான் ஓடறேன். கண்ணை மூடி உக்கார நேரம் இல்லை. எனக்கு உபதேசம் எப்பம்மா?"

"விறகுக்கு ஒரு வழி பண்ணுங்க. அப்புறம் பார்க்கலாம்."

அவ்வளவுதான். பட்டறைக்காரரிடம் இதைச் சொல்லலாமா?

காயலான் கடையில் இரண்டு மொபெட் சக்கரங்கள் கிடைத்தன. ஆங்கிள் இரும்பை அறுத்து நாலடி நீளத்தில் இரண்டு தட்டு வைத்த தள்ளுவண்டி ஒன்று செய்தார். கீழ்த்தட்டு தடித்த கட்டைக்கு, மேல்தட்டு பிளந்த விறகுக்கு. முன்னால், சொன்ன பக்கம் திரும்பும் சின்னச் சக்கரங்கள்.

அடுப்படி வாசலை இரண்டு முறை அளந்து, அதைவிட மூன்று விரல் குறைவாக அகலம் வைத்தார். வாசலைவிடப் பெரிதாகச் செய்துவிட்டு முழிப்பதெல்லாம் அவரிடம் நடக்காது.

இரண்டே நடையில் ஒரு நாள் விறகு உள்ளே வந்துவிட்டது. எல்லாம் காய்ந்த விறகு.

"இம்புட்டு நாளா எங்கய்யா இருந்தீக?" என்றாள் சமையல் செய்யும் மாயக்காள். பொன்னரங்கத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் மதியம் வாசலில் நின்றுகொண்டார். விறகில் கை வைத்தவர்களையெல்லாம் தடுத்தார்.

"இனிமே விறகெல்லாம் தூக்க வேணாம். நேரா உள்ள போய் உக்காருங்க."

சிலர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சிலர் விறகைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

ஐந்து நாள் நிம்மதியாகத் தியானம் செய்தார். ஆறாம் நாள் அம்மா முன்னால் போய் உட்கார்ந்தார்.

"விறகு வேலை முடிஞ்சுதும்மா. இப்ப எனக்கு நேரம் இருக்கு."

"நல்லது. ஒச்சப்பன் அஞ்சு நாளா சாப்பிட வரலை. ஏன்னு கேட்டுட்டு வாங்க."

ஒச்சப்பன் ஒரு காலத்தில் கிணறு வெட்டியவர். இப்போது முதுகு நிமிராது, வீட்டில் பொங்கிப் போடவும் ஆள் இல்லை. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"உடம்புக்கு என்ன?" என்றார் பொன்னரங்கம்.

"நல்லாத்தான் இருக்கேன் சாமி."

"அப்புறம் ஏன் வரலை?"

"நீங்கதான் வேணாம்னுட்டீகளே."

"விறகைத்தானே வேணாம்னேன்? சோத்தையா வேணாம்னேன்?"

ஒச்சப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இந்தப் பக்கம் நான் கிணறு வெட்டாத ஊரு இல்ல சாமி. ஒரு வீட்லயும் சும்மா போயி கை நனைச்சதில்ல."

பொன்னரங்கத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இந்த மனுஷர் ஐந்து நாளாகப் பன்னைத் தின்று கிடந்திருக்கிறார். அதே ஐந்து நாள் தான் கண்ணை மூடி நிம்மதியாக உட்கார்ந்திருந்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார்.

"சக்கரத்தைக் கழட்டிப் போட்டுடறேம்மா."

"பாவம், சக்கரம் என்ன பண்ணுச்சு?" என்றார் அம்மா.

பொன்னரங்கம் வண்டியையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மறுநாள் காலையில் அதில் விறகை அடுக்கி, அடுப்படிப் பக்கம் போகாமல், வாசலுக்கு வெளியே தெருவோரம் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார். ஈர விறகு ஒன்றுகூட இல்லை. குனிய முடியாதவர்களுக்காக மெல்லிய விறகை மேல்தட்டில் வைத்தார். பிறகு டீக்கடைக்குப் போய், "விறகு வெளிய இருக்கு, வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

மதியம் ஒச்சப்பன் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மேல்தட்டை விட்டுவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து தடியான கட்டை ஒன்றை உருவினார்.

"அது கனம். மேல சின்னதா வச்சிருக்கேன், பாருங்க."

"நான் திங்கிற சோத்துக்கு இதுதான் சரி சாமி."

உள்ளே மணி அடித்தது. பொன்னரங்கத்துக்கும் நல்ல பசி.

"வாங்க, இலை போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

பின்னால் காலடிச் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தார்.

ஒச்சப்பன் கட்டையைத் தோளில் வைத்தபடி வண்டி பக்கத்திலேயே நின்று, பொன்னரங்கத்தின் வெறுங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமிக்கு இன்னைக்கு விரதமா?"