காற்றுச் சட்டையில் ஓர் ஊக்கு

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதை முன்னால் சொல்ல வேண்டும், எதைப் பின்னால் சொல்ல வேண்டும் என்று பிடிபடாது. தப்பாகச் சொல்லிவிட்டால் ஜெஸிந்தா டீச்சருக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று வேறு கவலை. சொல்லாமல் விட்டால், அவர் சொன்ன ஒரு வார்த்தை என்னோடேயே போய்விடும்.

என் பெயர் சந்தியம்மாள். பாம்பன் பக்கம் கடல் பாசி எடுக்கிறவள். சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டி, மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்குவேன். கொஞ்ச காலமாக எனக்கு மூச்சு நிற்பதில்லை. கை பாசியைத் தொடுவதற்குள் நெஞ்சு மேலே இழுக்கிறது. என் கூட்டாளி பொன்னழகு ஒரு சாக்கு நிரப்பினால் நான் அரைச் சாக்கோடு கரையேறுவேன்.

அந்த நேரத்தில்தான், செத்துப்போன பவளப் பாறைகளில் புதுப் பவளம் கட்டும் வேலைக்குப் பெண்களைச் சேர்த்தார்கள். சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். மூச்சு அதிலிருந்தே வரும். எனக்கு அது போதும். கடலை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்?

சொல்லிக்கொடுக்க வந்தவர்தான் ஜெஸிந்தா டீச்சர். தூத்துக்குடிக்காரர். என் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். நான் டீச்சர் என்பேன். அவர் அக்கா என்பார். அதிகம் பேச மாட்டார்.

சில நாள் கரையோரத் தண்ணீரில் சிலிண்டரைப் பழக்கிவிட்டு, ஒரு நாள் கரையில் கொடி கட்டி மூன்று ரப்பர் உடுப்புகளைத் தொங்கவிட்டிருந்தார். ஒன்று அரைக்கை, முழங்காலோடு நிற்பது. ஒன்று மெல்லிசு, கழுத்திலிருந்து கணுக்கால்வரை. இன்னொன்றும் அதே நீளம், ஆனால் நல்ல தடிமன்.

"தண்ணி வெதுவெதுன்னுதானே இருக்கு டீச்சர். இந்தக் கடலுக்கு ரப்பர் எதுக்கு?" என்று கேட்டேன்.

டீச்சர் அப்போதுதான் வாங்கி வந்த டீயை, டம்ளரோடு கரையோரத் தண்ணீரில் விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரி மணலில் புதைத்து வைத்தார். பிறகு உட்கார்ந்து சிலிண்டர்களைத் துடைத்தார். துடைத்து முடித்ததும் டம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"குடிங்க அக்கா."

"ஆறிப்போச்சே டீச்சர்."

"தண்ணி வெதுவெதுன்னுதானே இருந்துச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க முங்கி உடனே ஏறிடுவீங்க. இனிமே ரொம்ப நேரம் கீழேயே இருக்கணும்" என்றார். மெல்லிசு முழு உடுப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். "தடிமன் நம்ம கடலுக்கு ஆகாது. அரைக்கை போட்டா சொறி மீன் தீண்டும், பாறை கீறும். இதான் சரி."

பொன்னழகுதான் எனக்கு மாட்டிவிட்டாள். முதுகுப்பக்கம் ஜிப்பை இழுக்க முடியாமல் முழங்காலை என் இடுப்பில் ஊன்றினாள்.

"மூச்சை உள்ள இழுடி. சாக்கு வாயைத் தைக்கிற மாதிரில்ல இருக்கு."

"சிரிக்காதடி."

"நான் எங்க சிரிச்சேன்? நல்லாத்தான் இருக்கு. கடல் பசு கரையேறின மாதிரி."

கண்ணாடியில் பார்த்தேன். பிள்ளை பெற்ற வயிறு, தொடை, பின்பக்கம் எல்லாம் யாரோ கரியால் வரைந்து வைத்த மாதிரி தெரிந்தது. சேலை முப்பது வருடமாக மூடி வைத்திருந்ததை அந்த ரப்பர் ஒரு நொடியில் ஊருக்குச் சொல்லிவிடும் போலிருந்தது.

"நாளைக்குப் படகு ஓட்டப் போறது யாருன்னு தெரியுமா?" என்றாள் பொன்னழகு.

"யாரு?"

"உன் சம்பந்திதான்."

எனக்கு உடம்பு கூசியது. என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு மனிதர் அவர். மிக்கேல் என்று பெயர். அவர் குரல் வாசலில் கேட்டால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் நான் வெளியே வருவேன். அவர் எதிரில் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை.

டீச்சரிடம் ஓடினேன்.

"மேல ஒரு சேலையைச் சுத்திக்கட்டுமா டீச்சர்?"

"சிக்கும் அக்கா."

அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் காலையில், மகள் விட்டுவிட்டுப் போன துப்பட்டா ஒன்றைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். படகில் போகும்போது கால்களை ஒடுக்கி, பையை மடியில் வைத்து, குனிந்தே உட்கார்ந்திருந்தேன். சம்பந்தி எஞ்சின் பக்கம் நின்றார். நான் ஏறும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவே எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

பாறைக்கு மேலே நங்கூரம் போட்டார்கள். இரண்டு இளம் பெண்களைக் கூட்டிக்கொண்டு டீச்சர் முதலில் இறங்கினார். அடுத்த ஜோடி நானும் பொன்னழகும். நாங்கள் மேலே மிதந்தபடி காத்திருக்க வேண்டும்.

மிதப்பதற்காகக் கை இல்லாத ஒரு காற்றுச் சட்டை உண்டு. பித்தானை அமுக்கினால் சிலிண்டரிலிருந்து அதற்குள் காற்று ஏறும். அதை மாட்டியதும் துப்பட்டாவை எடுத்து மேலே போர்த்தினேன். காற்றில் பறந்தது. கழுத்துச் சங்கிலியில் எப்போதும் இரண்டு ஊக்கு கோத்திருப்பேன். எந்தப் பொம்பளை கழுத்தில்தான் இல்லை? இரண்டையும் கழற்றி, துப்பட்டாவைக் காற்றுச் சட்டையின் இரண்டு தோளிலும் சேர்த்துக் குத்தினேன்.

"என்னடி இது, மாதா கோயில் பூசைக்கா போற?" என்றாள் பொன்னழகு.

"உனக்கென்ன? இறங்கு."

"இரு, திரும்பு. பார்க்கணும்ல."

இறங்குவதற்கு முன்னால் ஜோடிகள் ஒருவரையொருவர் உச்சியிலிருந்து கால்வரை பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாரையும் தொட்டு இழுத்துச் சரிபார்க்க வேண்டும். டீச்சர் தினமும் சொல்லும் பாடம் அது ஒன்றுதான். பொன்னழகு என்னைத் தொட்டு, திருப்பி, இடுப்பில் கைவைத்துப் பார்ப்பதை எஞ்சின் பக்கத்திலிருந்து சம்பந்தி பார்த்தால்?

"எல்லாம் நானே பார்த்துட்டேன். நீ இறங்குடி."

"டீச்சர் கேட்டா?"

"பார்த்தேன்னு சொல்லு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். பின்னாலேயே நானும் ஏணியை விட்டுத் தண்ணீரில் விழுந்தேன். துப்பட்டாவின் நுனி ஏணிக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. தோளில் வெடுக்கென்று இழுத்தது. ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது.

பித்தானை அமுக்கினேன். காற்று ஏறிய மாதிரியே புஸ்ஸென்று வெளியே போனது. மூச்சுக் குழாயை இன்னும் வாயில் வைக்கவில்லை. முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஆழத்துக்கு இழுக்கிற ஈயக்கட்டி. துப்பட்டா முகத்தில் ஒட்டிக்கொண்டது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், உப்புத் தண்ணீர் உள்ளே போனது. சின்ன வயதிலிருந்து முங்குகிறவள் நான். ஈயத்தைக் கழற்றிவிட்டால் மிதப்பேன் என்பதுகூட அப்போது நினைவில் இல்லை. பொன்னழகு அந்தப் பக்கம் திரும்பித் தன் முங்குகிற முகக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

என் கையில் கயிறு விழுந்தது. பிடித்தேன். யாரோ இழுத்தார்கள்.

படகில் குப்புறக் கிடந்து வாந்தியெடுத்தேன். தலைக்கு மேல் ஒரு துண்டு நீண்டது. சம்பந்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அதை நீட்டினார்.

"போர்த்திக்கங்க சம்பந்தியம்மா. உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா எம் மருமக மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

கரைக்கு வந்ததும், டீச்சர் தண்ணீர் நிரம்பிய டிரம்மில் என் காற்றுச் சட்டையை அமுக்கினார். தோள்பக்கத்திலிருந்து உலைத் தண்ணீர் மாதிரி குமிழி கிளம்பியது. ஊக்கு இன்னும் அங்கேயே கிழிசலில் தொங்கியது. டீச்சர் அதைக் கழற்றி, பூட்டி, என் கையில் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் வரலை டீச்சர். என்னைக் கரையிலேயே விட்டுடுங்க."

"பாசிக்குப் போறப்ப விரல்ல துணி சுத்துவீங்களே அக்கா, எதுக்கு?"

"பாறை அறுக்கும்ல."

"வேற எதுக்காச்சும்?"

"வேற எதுக்குச் சுத்தப்போறோம்?"

டீச்சர் கிழிசலைத் துடைத்துக் காய வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அவரு பார்த்துட்டாரு டீச்சர். நான் கிடந்த கோலத்தை எல்லாம் பார்த்துட்டாரு."

டீச்சர் பசையை விரலில் எடுத்துத் தடவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"நல்ல வேளை அக்கா. ஒருத்தராச்சும் பார்த்துக்கிட்டிருந்தாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிழிசலை அவருக்கு வாகாக விரித்துப் பிடித்தேன்.

அடுத்த நாள் மெல்லிசு உடுப்பைப் போட்டுக்கொண்டு படகில் ஏறினேன். கழுத்துச் சங்கிலியில் ஊக்கு இல்லை. கூச்சம் போகவில்லை, இப்போதும் போகவில்லை. சம்பந்தி எஞ்சின் பக்கம் நின்றார். பாறை வந்ததும் எழுந்தேன். பொன்னழகுக்கு நேராக நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கினேன்.

"நல்லாப் பாருடி" என்றேன்.