மாவுக்காரி வீட்டு அங்கணப் பூச்சி

இந்தக் கதைய எனக்கு முதல்ல சொன்னது பக்கத்து வீட்டு தவமணி மதினி. உங்க அப்பாவுக்கு அம்மை போட்டிருந்த வருஷம் அது. அவன் தூங்காம சிணுங்கிக்கிட்டே கிடந்தான், மதினி வேப்பிலையால விசிறிக்கிட்டே சொன்னா. ஜெபம் பண்ணிட்டியா ராசா? சரி, காலை நீட்டிப் படு. நடுவுல ‘ம்’ சொல்லணும்.

ஒரு ஊர்ல ஒரு மாவுக்காரி இருந்தா. பேரு பாக்கியமணி. அவ மாவுல தோசை ஊத்தினா சொர்ர்னு விரியும், ஓரமெல்லாம் மொறுமொறுன்னு வரும். தெருவே தூக்குவாளியோட அவ வாசல்ல நிக்கும். அவ வீட்டுல அடுப்பு எரிஞ்சதே அந்த மாவாலதான். ம்?

ம். அப்போ ஒருநாள், எதிர் வீட்டு சாராள் அக்கா மாவு வாங்க வந்தா. மாவுச் சட்டி மூடி மேல குட்டியா ஒரு பூச்சி உக்காந்திருந்துச்சு.

“ஏ பாக்கியம், என்னட்டி இது? உன் மாவுல பூச்சி வச்சிருக்கு!”

“அய்யோ, இல்லக்கா! மூடிதான் வச்சிருந்தேன்.”

“நீ மூடுன லட்சணம்தான் தெரியுதே.” தூக்குவாளிய ஆட்டிக்கிட்டே போயிட்டா.

அவ போனதும் அந்தப் பூச்சிப் பேச்சு தெரு முழுக்கப் பரவிருச்சு. மறுநாள் வாசல்ல ஒரு வாளி கூட இல்ல. பாக்கியத்துக்கு அழுகையா வந்துச்சு. இப்படியே போனா பொழைப்புக்கு என்ன பண்ண?

அடுக்களைச் சுவர்லயும் அதே பூச்சி அங்கங்க உக்காந்திருந்துச்சு. மாவுலதான் பூச்சி பிறக்குதுன்னு அவளும் நம்பிட்டா. சட்டி நிறைய இருந்த நல்ல மாவ அங்கணத்துல, அதான் அடுக்களைல பாத்திரம் கழுவுற இடம், அங்க கவுத்தா. கொடகொடகொடன்னு தண்ணி போற குழிக்குள்ள போச்சு. அப்புறம் என்ன ஆச்சு? பூச்சி குறையும்னு பாத்தா, கொஞ்ச நாள்ல ரெண்டு மடங்கு ஆயிருச்சு!

அப்புறம் சாம்பிராணி போட்டா. குபுகுபுன்னு புகை. பூச்சி பொத்து பொத்துன்னு விழுந்துச்சு. அவ வீட்டுக்காரர் தங்கையா லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டு வெளிய ஓடினார்.

“ஏட்டி, பூச்சிய விரட்டச் சொன்னா புருஷன விரட்டுறியே!”

விடிஞ்சு பாத்தா, சுவர்ல புதுசா ஒரு கூட்டம். தூங்கிட்டியா? ம், முழிச்சுதான் இருக்க.

அப்போ பாக்கியம் சுவரோரமா முழங்கால் போட்டா. “ஆண்டவரே, இது எங்கருந்து வருதுன்னு என் கண்ணுக்குக் காட்டும்.” சொல்லிட்டு கண்ணத் திறந்தா, மூக்குக்கு நேரா ஒரு பூச்சி! முதல்தடவையா அத நிதானமாப் பாத்தா. சாம்பல் நிறம். உடம்பெல்லாம் பூனைக்குட்டி மாதிரி ரோமம். ரெக்கைய ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி சாய்ச்சு வச்சிருக்கு. தட்டினா தூரமாப் பறக்கல, சொத்து சொத்துன்னு தத்தி அங்கயே உக்காருது.

பக்கத்துல ஒரு கரண்டி மாவ திறந்து வச்சா. ஒண்ணும் எட்டிக்கூடப் பாக்கல. அப்போ மாவு மேல ஆசை இல்ல. பின்ன எங்க போகுது? பாத்துக்கிட்டே இருந்தா. ஒண்ணு மெதுவா நடந்து அங்கணக்குழி சல்லடைக்குள்ள நுழைஞ்சுது.

ராத்திரி படுக்கப்போறதுக்கு முன்னாடி, ஒரு பிளாஸ்டிக் மூடில தேங்காயெண்ணெய் தடவி அந்தக் குழி மேல கவுத்தா. காலைல எடுத்துப் பாத்தா, உள்பக்கம் முழுக்க பூச்சி ஒட்டியிருக்கு! எல்லாம் உள்ளருந்து மேல வந்தது.

“ஏங்க, இங்க வாங்க! கண்டுபிடிச்சாச்சு!”

சல்லடையக் கழட்டினா. உவ்வே! குழாய்ச் சுவர்ல கருப்பா கொழகொழன்னு பாசி, அதுல நெளிநெளியா குட்டிப்புழு. தினமும் கிரைண்டர் கழுவின தண்ணிய அதுலதான ஊத்தினா? அந்த மாவுத்தண்ணி படிஞ்சு படிஞ்சு, பூச்சிக்கு வீடும் சோறும் ஆயிருச்சு. இவ பூச்சிய ஒழிக்கிறேன்னு சட்டி மாவையும் கொட்டி விருந்தே வச்சிருக்கா!

அப்புறம் நீளப் பிரஷ்ஷ விட்டு சரக் சரக்னு தேச்சா. தங்கையா சூடா வெந்நி ஊத்தினார். கொதிக்கக் கொதிக்க இல்ல, குழாய் இளகிரும்னு பதமா ஊத்தினார். ஒருநாளோட விடல. சுவர்ல இருந்த பெருசுங்க செத்து முடியிற வரைக்கும் தேச்சாங்க. கிரைண்டர் தண்ணி வாழை மரத்துக்குப் போச்சு. ஒருநாள் காலைல சுவரப் பாத்தா, வெறும் சுவர்! “ஸ்தோத்திரம்!”னு பாக்கியம் அப்படியே தரைல உக்காந்துட்டா.

சாயங்காலம் சாராள் அக்கா தூக்குவாளியோட வந்து நின்னா.

“கடை மாவுல தோசை செருப்பு மாதிரி வருதுட்டி.”

“வாங்கக்கா. பூச்சி மாவுல இல்ல, அங்கணக்குழில இருந்துச்சு.” எல்லாத்தையும் சொன்னா.

சாராள் அக்கா குரல் இறங்கிருச்சு. “எங்க வீட்டு குளியலறைலயும் அதே பூச்சிதான். உன்கிட்ட மாவு வாங்குன வாளில ஏறி வந்துருச்சுன்னு நினைச்சுத்தான் அன்னைக்கு அப்படிப் பேசிட்டேன். இப்ப நான் என்ன பண்ண?”

பாக்கியம் சிரிச்சுக்கிட்டே பிரஷ்ஷ எடுத்து அவ கைல குடுத்தா. “நீங்க தேயுங்க, நான் வெந்நி போட்டுட்டு வாரேன்.”

மறுநாள் தெரு முழுக்க சொர்ர்ருன்னு தோசை. பூச்சியும் போச்சு, கதையும் ஆச்சு, கண்ண மூடு ராசா. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் படு, எனக்கும் தலகாணி வேணும்.