கம்பத்தில் போட்ட வட்டம்

ஆவரந்தட்டு மின் பிரிவில் ஒரு குரு இருந்தார். பெயர் அந்தோணியம்மாள், வேலை ஃபோர்மேன், வயது முப்பத்தெட்டு. சீடர் அவருடைய மேலதிகாரி, பொறியாளர் திருவேங்கடம். அவருக்கு ஐம்பத்தேழு.

பொறுப்பேற்ற முதல் நாளே, நிறுத்திய லைன்தானே என்று கம்பியை நோக்கி அவர் நீட்டிய கையை அந்தோணியம்மாள் தட்டிவிட்டார்; நிறுத்திய கம்பியிலும் மின்சாரம் மிச்சமிருக்கலாம். அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் வந்தாலும் திருவேங்கடம் அவரிடம்தான் போவார். அதிகாரி ஃபோர்மேனிடம் பாடம் கேட்கிறாரே என்று ஆபீஸ் சிரித்தது. தன் கை இரண்டும் பத்திரமாக இருக்கிறதே, சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவர் விட்டுவிட்டார்.

ஒரு சித்திரை மாதக் காலையில் மூன்று பட்டியல்களோடு வந்து எதிரே உட்கார்ந்தார். இந்த வருஷம் ஆறு பழைய டிரான்ஸ்ஃபார்மர்களை மாற்றலாம். எந்த ஆறு என்று சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். வயதுப்படி ஒரு பட்டியல், சுமைப்படி ஒன்று, பழுதான தடவைப்படி இன்னொன்று. மூன்றும் மூன்று திசையில் இழுத்தன.

“எதை அனுப்பட்டும்?”

“உங்களுக்கு எது சரியாப் படுது சார்?”

“எதுவும் படல. போன வருஷம் சரியாத்தானே எழுதினேன்?”

போன வருஷப் பட்டியலில் தண்ணீர்த் தொட்டி டிரான்ஸ்ஃபார்மர் மூன்றாவதாக இருந்தது. புதியது வர ஐந்து மாதம் தாமதம். அதற்குள் பழையது வெடித்து, பக்கத்தில் நின்ற வயர்மேன் லூர்துராஜின் வலது கை வெந்துபோனது. டிரான்ஸ்ஃபார்மருக்கு வயதாகிவிட்டது என்று எழுதி விசாரணையை மூடினார்கள். லூர்துராஜ் இப்போது வருகைப் பதிவேட்டில் இடது கையால் கையெழுத்துப் போடுகிறான். அந்தக் கோணல் எழுத்து வரும் பக்கத்தைத் திருவேங்கடம் சட்டென்று புரட்டிவிடுவார்.

“தப்பா எழுதி வெடிச்சிருந்தா, தப்பு இன்னதுன்னு தெரிஞ்சிருக்கும். சரியா எழுதியும் வெடிச்சிருக்கு. இப்ப நான் எதைத் திருத்துறது?”

அந்தோணியம்மாள் எழுந்தார். அலமாரியிலிருந்து பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மாற்றப்போகும் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பத்தில் சிவப்பு வட்டம் போடுவது அந்தப் பிரிவின் வழக்கம். புதியதைக் கொண்டுவரும் லாரிக்காரர் இடம் தேடி அலையக்கூடாது என்று யாரோ எப்போதோ ஆரம்பித்தது.

“இன்னும் கையெழுத்தே போடலியே.”

“பரவால்ல சார். வாங்க.”

ஆஸ்பத்திரித் தெருவுக்குப் போனார்கள். மூன்று பட்டியலிலும் இருந்தது அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான். அதன் சூட்டைத் தணிக்கிற எண்ணெயை ஊற்ற வயர்மேன் பேச்சிமுத்து வந்திருந்தார். லைனை நிறுத்தச் சொல்லி போன் போட்டுவிட்டு, அது நிற்கும்வரை எண்ணெய்க் கேனோடு நிழலில் காத்திருந்தார். மேலே கண்ணாடிக் குழாயில் எண்ணெய் கீழ்க்கோடு வரை இறங்கியிருந்தது.

“போடுங்க சார்” என்றார் அந்தோணியம்மாள்.

திருவேங்கடம் வட்டம் போட்டார். அது முட்டை மாதிரி வந்தது. திரும்பினால், பேச்சிமுத்து கேனை மூடி வண்டியில் கட்டிக்கொண்டிருந்தார்.

“எண்ணெய் ஊத்தலியா?”

“வட்டம் போட்டாச்சுல்லா சார். போகப்போறதுக்கு எதுக்கு?”

“எப்பவும் இப்படித்தானா?”

“எல்லாருமே அப்படித்தான் சார். நல்ல எண்ணெய வீணாக்கலாமா?”

பேச்சிமுத்துவின் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. எதையும் சிக்கனமாகச் செய்கிற மனுஷர் அவர்.

திருவேங்கடம் தான் போட்ட வட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக் கம்பத்தில் வட்டம் போட்டதும் அவரேதான். அன்று பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் லூர்துராஜ். அதன் பிறகு ஐந்து மாதம் அதில் யார் எண்ணெய் ஊற்றியிருப்பார்கள்?

“உங்களுக்கு இது முன்னாலேயே தெரியுமா?”

“போன வாரம்தான் கண்ணுல பட்டுது. வாயால சொல்லியிருந்தா பேச்சிமுத்து மேல கோவப்பட்டிருப்பீங்க.”

பிரஷிலிருந்து சொட்டிய பெயின்ட் திருவேங்கடத்தின் செருப்பில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

“அப்போ பட்டியலே போடக்கூடாதா?”

“போடாம எப்படி? இது தேஞ்சுபோனதுதான் சார். மாத்தித்தான் ஆகணும்.”

“வட்டம் போட்டா எண்ணெய் நின்னுபோகுது. பட்டியல் போடலைன்னா புதுசு வராது. எனக்கு ஒண்ணும் புரியல, அந்தோணியம்மா.”

அந்தோணியம்மாள் வண்டியில் கட்டியிருந்த கேனை அவிழ்த்து இறக்கி, வட்டம் போட்ட கம்பத்தின் அடியில் வைத்தார். எதிரே பிரசவ ஆஸ்பத்திரியின் ஜன்னல்கள் திறந்திருந்தன. உள்ளே வரிசையாகக் கட்டில்கள், வரிசையாக மின்விசிறிகள்.

“அங்க ஃபேன் சுத்துதே சார், அது வரப்போற டிரான்ஸ்ஃபார்மர்லயா சுத்துது?”