கடைசி வரிசையில் தேவசகாயம்

தேவசகாயம் வாத்தியாருக்கு ஐம்பத்துநாலு வயதில் கம்ப்யூட்டர் மேல் ஆசை வந்தது.

அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பானு டீச்சர். பக்கத்து ஊர் தொடக்கப்பள்ளியில் வேலை, வயது முப்பத்தொன்று. சனிக்கிழமைதோறும் தேவசகாயம் பஸ் ஏறிப் போய், நோட்டு விரித்து உட்கார்ந்து படித்தார். யார் கேட்டாலும், "பானு டீச்சர்தான் எனக்கு வாத்தியார்" என்று கூச்சமில்லாமல் சொன்னார்.

அவருடைய பள்ளியில் நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே அறை. பிள்ளைகள் இருபத்துமூன்று பேர். தரையில் பாய் விரித்து வரிசையாக உட்காருவார்கள். நடுவில் ஒரு மேசை, அதன் மேல் லேப்டாப்பும் புரொஜெக்டரும். இரண்டு மாதமாக எல்லாப் பாடத்தையும் அவர் சுவரில் படமாக ஓட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். இத்தனை வருஷ வேலையில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அரையாண்டுப் பரீட்சைத் தாளைத் திருத்தியபோதுதான் கலங்கிப்போனார். எட்டுப் பிள்ளைகள் நன்றாக எழுதியிருந்தார்கள். மீதிப் பேருக்கு ஒன்றுமே ஏறவில்லை.

சனிக்கிழமை பானு டீச்சரிடம் கேட்டார்.

"தமிழுக்கும் படம் போடுதேன், கணக்குக்கும் போடுதேன், அறிவியலுக்கும் போடுதேன். எந்தப் பாடத்துக்கு இது ஒத்துவரும், எதுக்கு ஒத்துவராது? நீங்கதான் சொல்லணும் டீச்சர்."

பானு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை எனக்கு லீவு இருக்கு சார். வாரேன்."

சொன்னபடி வந்தார். நாற்காலி போட்டதை வேண்டாம் என்றுவிட்டு, கடைசி வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். தேவசகாயம் மேசையருகே நின்று மூன்று பாடம் நடத்தினார். பாட்டு, பின்னம், கொசுவின் வாழ்க்கை. கொசு முட்டையிலிருந்து புழு வந்தபோது வகுப்பே சிரித்தது. அவர் திரும்பி பானுவைப் பார்த்தார். பானு முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நாலாவது பாடத்துக்கு பானு எழுந்து வந்தார்.

"இத நான் போடுதேன் சார். நீங்க போய் நான் இருந்த இடத்துல உக்காருங்க."

தேவசகாயம் சுவரைப் பிடித்து மெல்லத் தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இசக்கிப்ரியா, நாலாம் வகுப்பு. அவள் பாவாடையை ஒதுக்கி இடம் விட்டாள்.

படம் ஓடியது. நதி என்றது குரல், மலை என்றது. தேவசகாயம் கழுத்தை நீட்டினார். எதிரே மேசை. மேசை மேல் புரொஜெக்டர். அதன் பக்கத்தில், அவர் தினமும் நிற்கிற அதே இடத்தில், பானு டீச்சரின் முதுகு. அவ்வளவுதான்.

முன்வரிசை சிரித்தது. இசக்கிப்ரியாவும் சிரித்தாள்.

அவர் குனிந்து மெதுவாகக் கேட்டார். "என்னம்மா தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல சார்."

"பெறகு ஏன் சிரிச்ச?"

"முன்னால உள்ளவங்க சிரிச்சா நாங்களும் சிரிப்போம்."

"ரெண்டு மாசமாவா?"

அவள் தலையாட்டினாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

இசக்கிப்ரியா தயங்கினாள். "நீங்க சந்தோஷமா இருந்தீங்க சார்."

மணி அடிக்கும்வரை தேவசகாயம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பானு டீ குடித்துவிட்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் தேவசகாயம் மேசையைப் பிள்ளைகளுக்குப் பின்னால் சுவரோரம் தள்ளினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளை வேட்டியை எதிர்ச்சுவரில் உயரமாகக் கட்டினார். மவுஸை இசக்கிப்ரியா கையில் கொடுத்துவிட்டு, தான் போய்ப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்தார். படம் ஓடும்போது, "எனக்குப் புரியல, யாராவது சொல்லுங்க" என்றார். முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பிள்ளைகள் போட்டி போட்டுச் சொன்னதில் அவர் குரலே கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேட்டியில் மாவட்ட வரைபடம் விழுந்தது. ஒருவன் நூலை வைத்துத் தாமிரபரணியை அளந்தான். நூலை இழுத்துப் பிடித்தால் வளைவெல்லாம் விட்டுப்போகும் என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். மூன்று பேர் நூலின் நீளத்தைக் கிலோமீட்டராகப் பெருக்கினார்கள். படத்தில் தங்கள் ஊரே இல்லை என்று கண்டுபிடித்த இசக்கிப்ரியா அதை டைப் அடித்துச் சேர்க்க, ஊர்ப் பெயரின் நடுவில் வருவது 'ர'வா 'ற'வா என்று நாலு பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். தண்ணீர் கடலுக்குப் போனால் ஏன் திரும்பி வருவதில்லை என்று ஒரு குரல் கேட்டது. தேவசகாயத்துக்கு முட்டி வலித்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

சாயங்காலம் பதிவேட்டைத் திறந்தார். தேதி எழுதினார். 'பாடம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. தரையில் இன்னும் நூலோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு பானு டீச்சருக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"சந்தோஷம் சார்" என்றார் பானு.

"அது சரி டீச்சர். இன்னிக்கு என்ன பாடம் நடத்துனேன்னு எழுதட்டும்? கணக்கா, தமிழா, சமூக அறிவியலா? எனக்குப் பிடிபடல."

அந்தப் பக்கம் பானு சிரித்தது கேட்டது.

"என்னைய ஏன் சார் கேக்கீங்க? பக்கத்துல பிள்ளைங்க இருக்காங்கல்ல?"